கதைக்க வராத இடத்தில்



இன்று உளவளத்துணை டிப்ளோமா பெறும் பிள்ளைகளே, கொஞ்ச நாளில் உங்களில் பலர் ஏதாவதொரு வைத்தியசாலையிலோ பிரதேச செயலகத்திலோ கதிரை போட்டு இருக்கப்போகிறீர்கள். எதிரே வந்து இருப்பவர் மனசைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். நெஞ்சு எரியுது, தலை விறைக்குது, நித்திரை இல்லை என்பார். பெருமூச்சு விடுவார். "நடந்ததை எல்லாம் கதையுங்கோ" என்று நீங்கள் தொடங்கினால் மறுகிழமை அவர் வராமலே விடக்கூடும்.

கதைத்தால் ஆறும் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அனர்த்தம் நடந்த கையோடு ஆட்களை உட்காரவைத்து, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை, பின்னால் வரும் மனவடு நோயைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்கு அது கெடுதலும் செய்திருக்கிறது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் உடம்பின் வழியாகவும் போய்ப் பார்த்தவர். சைவருக்கு ஓம் என்ற உச்சாடனம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைநாமத்தை உச்சரிக்கும் திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. அவரவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமானது எதுவோ அதையே தளர்வுப் பயிற்சியாக எடுத்துக்கொண்டார். புதிதாக ஒன்றைப் புகுத்தவேண்டிய தேவையே வரவில்லை.

உடம்பின் வழியாகப் போகும் இந்தத் தேடல் வெளிநாட்டிலும் நடந்தது. அமெரிக்காவில் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேறு சிகிச்சைகளுக்கு மசியாத மனவடு நோயுள்ள 64 பெண்கள் இருந்தார்கள். 10 வாரம் யோகா செய்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த நோய் என்று சொல்லும் நிலை நீங்கியது. ஒப்பீட்டுக் குழுவில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அப்படி நீங்கியது. சின்ன ஆய்வுதான், யோகா விற்கிறவர்கள் அதைப் பெரிதாக்குவார்கள், நீங்கள் ஆக்கவேண்டாம். பிரான்சின் ஷபிரோ 1987இல் தொடங்கிய கண்ணசைவு முறையில், துன்ப நினைவை மனதில் வைத்தபடி சிகிச்சையாளரின் அசையும் விரலைக் கண்ணால் பின்தொடரவேண்டும். நடந்ததை விவரமாகச் சொல்லத் தேவையில்லை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 2013இல் உலக சுகாதார நிறுவனம் மனவடு நோய்க்குப் பரிந்துரைத்த முறைகளில் அதுவும் ஒன்று. முறையாகப் பயின்றவர்தான் அதைச் செய்யவேண்டும். காணொளி பார்த்துவிட்டுச் செய்யப் போகாதீர்கள்.

மூச்சுப் பயிற்சியிலும் கவனம் வேண்டும். "கண்ணை மூடுங்கோ" என்பது நமக்கு வாயில் தானாக வந்துவிடும். தடுப்புக்காவலில் நாட்கணக்காகக் கண்கட்டி வைக்கப்பட்டிருந்த ஒருவருக்கு அந்த இருட்டு எதைக் கொண்டுவரும்? கண் திறந்தபடியே, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி செய்யலாம். கதிரையைக் கதவு தெரிகிற பக்கம் போடுங்கள். தோளைத் தொடவேண்டாம். முஷ்டியை இறுக்கி ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இருக்கட்டும்.

பிள்ளைகளிடமும் கதையைத் துருவாமல் போகலாம். மட்டக்களப்பில் 1996இல் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைக் குரு போல் சற்குணநாயகமும் மற்றவர்களோடு சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்தார்கள். களிமண், வர்ணம், கூத்து, கதை, வளர்ப்பு மிருகங்கள். அப்பாவுக்கு என்ன நடந்தது என்று யாரும் துருவவில்லை. பிள்ளை மண்ணில் ஒன்றைச் செய்யும், உடைக்கும், திரும்பச் செய்யும். அவ்வளவு நேரமும் பக்கத்தில் ஒரு பெரியவர் அவசரப்படாமல் இருப்பார். நம்மில் பலருக்கு வராதது அந்த அவசரப்படாமைதான். அமர்வுகளின் எண்ணிக்கை கேட்கும் திட்ட அறிக்கைகளும் அதற்கு இடம் விடுவதில்லை.

நம் சடங்குகளும் இப்படி ஆற்றுப்படுத்தும் வேலையைச் செய்பவையே. ஒப்பாரி, எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி எல்லாம் துக்கத்துக்கு ஒரு வரிசை கொடுத்தன. 2009இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் உடலை விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு அந்த வரிசை கிடைக்கவில்லை. பிறகு கீரிமலைக்குப் போய் அந்தச் சடங்குகளைச் செய்துமுடித்த குடும்பங்கள் உண்டு.

ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு எந்தச் சடங்கைப் பரிந்துரைப்பீர்கள்? அந்தியேட்டி செய்தால் பிள்ளை இல்லையென்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சுகிறார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தொடர்போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் இத்தகைய தாய்மார்தான். மூச்சுப் பயிற்சியால் அந்த அம்மாவுக்கு நித்திரை கொஞ்சம் வரலாம். பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை, சொல்லவேண்டியது அரசு. ஆகவே அந்தக் கேள்வியை நோய்க்குறியாக எழுதிவிடாதீர்கள். அவர் கேட்டபடியே பதிவேட்டில் எழுதுங்கள். அவர் போராட்டப் பந்தலுக்குப் போகும் நாளில் கிளினிக் திகதி போடாதீர்கள்.