அடுப்பு அளவு மீறி எரிந்தால்



சோறு அடிப்பிடிப்பதும் தோசை கருகுவதும் எல்லா வீட்டிலும் எப்போதாவது நடப்பவைதாம். ஆனால் நாள்தோறும் கருகினால், சமைப்பவரைக் குறை சொல்வதற்கு முன் அடுப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஒரு முறை உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். "அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எதை வைத்தாலும் கருக்கிவிடுகிறார்" என்று மகன் குறைபட்டுக்கொண்டார். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. நான் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தேன். சுடர் இரைச்சலுடன் எழும்பி, சட்டியின் பக்கவாட்டில் ஏறியது. குமிழைக் குறைத்தும் அடங்கவில்லை. பிறகு எரிவாயுத் தோம்பைப் பார்த்தேன். பழைய ரெகுலேட்டர் பழுதானதால், ஒட்டுக்கடையில் பெரிய குவாலிக்குப் பயன்படுத்தும் உயரழுத்த ரெகுலேட்டரை மகனே வாங்கி வந்து மாட்டியிருந்தார். கோளாறு அம்மாளிடம் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

நேயர்களே, தோம்பில் உள்ள புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களும் அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டவை. நம் நாட்டு வெப்பத்தில் தோம்பினுள் அழுத்தம் மிக அதிகம். அதை ஏறக்குறைய 30 மில்லிபார் அளவுக்குக் குறைத்து அடுப்புக்கு அனுப்புவதே வீட்டு ரெகுலேட்டரின் வேலை. கடை ரெகுலேட்டர் இதைப்போலப் பல மடங்கு அழுத்தத்தில் வாயுவை விடும். வீட்டு அடுப்பும் அதன் ரப்பர் குழாயும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சுடர் அளவு மீறினால் காரணத்தை எப்படிக் கண்டறிவது? முதலில் ஒரு கேள்வி: ஒரு பர்னர் மட்டும் அப்படி எரிகிறதா, எல்லாமே அப்படி எரிகின்றனவா?

எல்லாமே என்றால், கோளாறு பெரும்பாலும் ரெகுலேட்டரிலோ தோம்பிலோதான். அண்மையில் ரெகுலேட்டரை மாற்றினீர்களா? அது வீட்டுக்குரிய தாழழுத்த வகைதானா? தோம்பு நிமிர்ந்து நிற்கிறதா? வாயு தீரும் நேரத்தில் தோம்பைச் சாய்த்து வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது பெரும் ஆபத்து. சாய்ந்த தோம்பிலிருந்து வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வெளிவரலாம். ஒரு பங்கு திரவம் ஏறக்குறைய 250 பங்கு வாயுவாக விரியும். அடுப்பில் சுடர் எவ்வளவு உயரத்துக்குப் பாயும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூரில் பல வீடுகளுக்கு நகர எரிவாயு குழாய் வழியாக வருகிறது. அதில் ஹைட்ரஜன் பெரும் பங்கு வகிக்கிறது. அதே கன அளவில் அது தரும் வெப்பம் தோம்பு வாயுவைவிட மிகக் குறைவு. ஆகவே அதற்கான அடுப்பில் வாயு வரும் துளை பெரிதாக இருக்கும். வீடு மாறும்போது அந்த அடுப்பையே தோம்பில் இணைத்தால், தேவைக்கு மேல் வாயு பாய்ந்து மஞ்சள் சுடர் எழும். அடுப்பு எந்த வாயுவுக்கு உரியது என்பதை அதன் முத்திரைத் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பர்னர் மட்டும் என்றால், அதன் குமிழோ ஜெட்டோ பழுதாகியிருக்கலாம். அடைப்பை நீக்குவதாக எண்ணி ஜெட்டின் சிறு துளையில் ஊசியை விட்டுக் குடைவார்கள். பித்தளை மென்மையான உலோகம், துளை பெரிதாகிவிடும். அதன் பிறகு அந்தப் பர்னர் அடங்காது. புதிய ஜெட் மாற்றுவதே வழி. அதைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள்.

சுடரின் நிறத்தையும் கவனியுங்கள். நீலமாக, ஒரே சீராக எரிந்தால் நலம். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி படிந்தால், வாயுவுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்று பொருள். ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். காற்று புகும் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் குழாயை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், ரெகுலேட்டரை 5 ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றுவது நல்லது. கசிவு உண்டா என்று சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். தீக்குச்சியால் ஒருபோதும் பார்க்காதீர்கள்.

சுடர் கைமீறிப் பாய்ந்தால், முடிந்தால் உடனே ரெகுலேட்டரை மூடுங்கள். அருகே போக முடியாவிட்டால், எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். நெருப்பில்லாமல் வாயு நாற்றம் மட்டும் வந்தால், மின்விசையைத் தொடாதீர்கள். விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தோம்பை மூடிவிட்டுக் கதவு சன்னல்களைத் திறந்து விடுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கி நிற்கும்.

அன்று மாலையே அந்த வீட்டு மகன் கடைக்குப் போய்த் தாழழுத்த ரெகுலேட்டரும் புதிய குழாயும் வாங்கி வந்தார். அம்மாள் அடுப்பைப் பற்றவைத்தார். சுடர் நீலமாக, சட்டிக்கு அடியிலேயே அடங்கி நின்றது. "இத்தனை நாள் என் கைதான் சரியில்லை என்று நானும் நினைத்துவிட்டேன்" என்றார் அவர். மகனிடம் பதில் இல்லை.

நேயர்களே, உங்கள் வீட்டில் உணவு அடிக்கடி கருகுகிறதா? யாரையும் கடிந்துகொள்வதற்கு முன், இன்று ஒரு முறை குனிந்து அந்தச் சுடரைப் பாருங்கள்.