மனையிலிருந்தே ஆற்றும் அரசியற் கடமை

(நம் சங்கத்தின் திருவொற்றியூர்க் கிளையில் நிகழ்ந்த மாதக் கூட்டத்திலே தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



அரசியல் என்பது கொடி பிடிப்பார்க்கும் மேடை ஏறுவார்க்குமே உரியது. காலையில் துறைமுகத்திற்கும் ஆலைக்கும் சென்று மாலையில் களைத்து மீள்வார்க்கும், அடுப்பங்கரையை விட்டகலாத பெண்டிர்க்கும் அதனோடு யாதொரு தொடர்பும் இல்லை என்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். "நமக்கேன் வம்பு?" என்பதே அவர்தம் வாய்ப்பாடு. இவ்வெண்ணம் பொருந்தாதென்று காட்டுதலும், இல்லத்தில் இருந்தபடியே குடிமக்கள் செய்யத்தகும் எளிய கடமைகள் சிலவற்றை எடுத்துரைத்தலும் இற்றைநாள் என் பேச்சின் நோக்கமாகும்.

முதற்கண், இஃது நமக்குப் புதிய வழக்கமன்று என்பதை அறிதல் வேண்டும். புறநானூற்றின் 35-ஆம் பாட்டைப் பாடியவர் வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர். அவர் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை அடைந்து, அரசனது வெற்றி உழவரது உழைப்பினால் வருவது என்று அறிவுறுத்தினார். தம் நிலத்தின்மேல் நின்ற பழைய வரிப்பாக்கியை நீக்கிக்கொண்டு மீண்டார் என்று அப்பாட்டின் அடிக்குறிப்புக் கூறுகின்றது. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் வரிகொள்ளும் முறையைப் பற்றி உரைத்ததும் அந்நூலிலேயே உண்டு. இவ்விருவரும் படை திரட்டினாரல்லர். குறையை ஒழுங்காகவும் அஞ்சாமலும் எடுத்துரைத்தனர், அவ்வளவே. இக்காலத்தார் மனு என்று வழங்குவது அன்று பாட்டாக இருந்தது.

இன்னுமொன்று. கண்ணகி பாண்டியன் அவைக்குச் சென்றபொழுது அழுகையை மாத்திரம் கொண்டு சென்றாளல்லள். கையிலே மற்றொரு சிலம்பைக் கொண்டு சென்றாள். கோப்பெருந்தேவியின் சிலம்பின் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். அச்சான்று அவை நடுவே தெறித்து விழுந்த பின்னரே வழக்குத் தீர்ந்தது. நம் ஊர்த் திருக்கோயிலிலுள்ள வட்டப்பாறையம்மனைக் கண்ணகியோடு தொடர்புபடுத்தி ஊரார் கதை வழங்குவர். கதை எவ்வாறாயினும், சான்றின்றி முறையிடற்க என்னும் பாடம் நமக்குப் பெரிதும் பயன்படுவதாகும்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். நம் வடசென்னை வணிகப் பேட்டையிலே காசுலு இலட்சுமிநரசு செட்டியார் என்றொரு பெருவணிகர் இருந்தார். 1852-ஆம் ஆண்டிலே அவரும் நண்பர் சிலரும் கூடிச் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவினர். நிலவரி தண்டுவதில் நிகழ்ந்த கொடுமைகளை விரித்து அச்சங்கத்தார் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். அதன் பயனாகப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் 1853-இல் சென்னைக்கு வந்து நேரிற் பார்த்தார். 1854-இல் இக்கொடுமைகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. 1855-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அக்குழுவிற்கு 1,900-க்கு மேற்பட்ட முறையீடுகள் வந்தன. அவற்றிற் பெரும்பகுதி கடிதங்களாக வந்தவை என்பது நாம் ஊன்றி நோக்கற்பாலது. நேரில் வர இயலாத குடிகள் தத்தம் ஊரிலிருந்தே எழுதினர். அவர்கள் எழுத்து அரசின் ஏட்டில் ஏறியது. வாக்குரிமை ஒருவர்க்கும் இல்லாத அந்நாளிலேயே அவர்கள் இதனைச் செய்தனர். 1950-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் முதல் குடியரசின் மக்களாக வாழும் நாம் "நம்மால் என்ன ஆகும்?" என்று வாளா இருத்தல் தகுமோ?

நம்மைச் சூழ்ந்துள்ள நிலைமையை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2017 சனவரி 28-இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் நம் கரையெங்கும் படிந்தது. வாளிகளால் அதனை அள்ளிய இளைஞர்களை நாம் கண்டோம். 2023 திசம்பர் முதல் வாரத்திலே மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலையின் கழிவெண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழியிற் கலந்தது. படகும் வலையும் கறுத்தன. அதே திங்கள் 26-ஆம் நாள் நள்ளிரவிலே, பெரியகுப்பத்தை அடுத்த உரத்தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, உறங்கிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். இந்நிகழ்ச்சிகள் யாவும் நம் மனைக்குள் தாமே நுழைந்தன. அரசியலை நாம் நாடாவிடினும் அரசியல் நம் அடுக்களைக்கு வருகின்றது. ஆதலின், அடுக்களையிலிருந்தே அதற்கு விடை கூறவும் கற்றுக்கொள்வோம்.

இனி, செய்யத்தகுவன யாவை என்று ஒவ்வொன்றாகக் கூறுவேன்.

முதலாவது, வாக்காளர் பட்டியலில் தம் பெயரைத் தாமே காத்தல். 1989-ஆம் ஆண்டு முதல் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவர்க்கும் வாக்குண்டு. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. பெயர் நீக்கத்திற்குப் படிவம் 7. பிழை திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8. ஆண்டிற்கு ஒருமுறை என்றிருந்த தகுதிநாள், இப்பொழுது சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் ஆகிய நான்கு திங்களின் முதல் நாளாக விரிக்கப்பட்டுள்ளது. நம் குடும்பங்களிலே மணமாகி வந்த மருமக்களின் பெயர் பெரும்பாலும் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கின்றது. வாடகை வீடு மாறியவர் பெயரும் அவ்வாறே. 2025-ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்பொழுது வீடுதோறும் படிவம் வந்ததை நீங்கள் அறிவீர்கள். படிவம் வரும்பொழுது மாத்திரம் விழித்தல் போதாது. திங்களுக்கு ஒருமுறை, கைப்பேசியிலேயே, வீட்டிலுள்ளார் அனைவர் பெயரும் பட்டியலில் உளவா என்று பார்த்தல் வேண்டும். ஐயம் உண்டாயின் 1950 என்னும் எண்ணில் வினவலாம்.

இரண்டாவது, வினாவி அறிதல். இதுவே யான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் தமிழ்நாட்டிலே 1997-லேயே இத்தகைய சட்டமொன்று இயற்றப்பட்டதென்பது நமக்குப் பெருமை. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க் கட்டணம், ஓர் அஞ்சலுறை ஆகிய இவையே வேண்டுவன. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளார்க்கு அக்கட்டணமும் இல்லை. தமிழிலேயே எழுதலாம். "எதற்காகக் கேட்கின்றாய்?" என்று அலுவலர் வினவுதற்குச் சட்டம் இடந்தரவில்லை. எழுத இயலாதவர் வாயாற் கூறின், அதனை எழுத்தில் அமைத்துத் தர உதவுதல் அவ்வலுவலர் கடமை. முப்பது நாளில் விடை வருதல் வேண்டும். உயிரும் உரிமையும் பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வருதல் வேண்டும். வாராவிடின் அவ்வலுவலகத்திலேயே முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லையேல் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்திற்கு இரண்டாம் மேல்முறையீடு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம்மவர் எழுதும் மனுக்களைப் பார்த்திருக்கின்றேன். "எங்கள் தெருக் கால்வாயை ஏன் தூர்வாரவில்லை?" என்று எழுதுகின்றனர். "ஏன்" என்பதற்கு ஏட்டிலே விடை இராது. ஆதலின் விடை வாராது. அதற்கு மாறாக, "இக்கால்வாய் கடந்த மூன்றாண்டுகளில் எந்தெந்த நாளில் தூர்வாரப்பட்டது? ஒவ்வொரு முறையும் ஒப்பந்தத் தொகை எவ்வளவு? பணி முடிந்ததற்கான அளவுப் புத்தகத்தின் படி தருக" என்று எழுதிப் பாருங்கள். ஆவணத்தைக் கேட்பவனுக்கு ஆவணம் கிடைக்கும். பக்கத்திற்கு இரண்டு ரூபாய் கட்டினால் படியும் கைக்கு வரும். அப்படியே கண்ணகியின் கைச்சிலம்பு ஆகும்.

இதன் வலிமைக்குத் தொலைவிற் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. 1996-ஆம் ஆண்டிலே மைய அரசு ஒப்பிய கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழி காக்கப்படவேண்டிய நீர்ப்பரப்பாகக் காட்டப்பெற்றிருந்தது. பின்னர் வழங்கிய வரைபடத்திலே அக்கழியின் பெரும்பகுதியைக் காணோம். நீர் இருக்கின்றது, மீன் இருக்கின்றது, வலை வீசுவார் இருக்கின்றனர். ஆயின் படத்திலே கழி இல்லை! இவ்வேறுபாடு 2017-ஆம் ஆண்டளவிலே ஊரறிய வெளிப்பட்டது இச்சட்டத்தின்படி பெற்ற விடைகளினாலேதான். அனல்மின் நிலையச் சாம்பல் கழியிற் கலப்பதுபற்றி நம் மீனவர் தொடுத்த வழக்கிலே, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 சூலையில் மின்வாரியத்தின் பொறுப்பை எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மூன்றாவது, கருத்துரைக்கும் காலத்தைத் தவறவிடாமை. புதிய தொழிற்சாலைக்கோ துறைமுக விரிவிற்கோ பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டுமென்று 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கை கூறுகின்றது. முப்பது நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வருதல் வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் கிடைத்தல் வேண்டும். கூட்டத்திற்கு வாராதவரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுத்து மூலம் கருத்து விடுக்கலாம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவுபற்றி 2021 சனவரி 22-இலும், மீண்டும் 2023 செப்டம்பர் 5-இலும் நடப்பதாயிருந்த கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டமை நாம் அறிந்ததே. மீண்டும் நாள் குறிக்கப்படுமாயின், நம் சங்கத்தார் வீட்டிற்கொரு மடல் விடுக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

2020-ஆம் ஆண்டிலே, கொள்ளைநோய்க்கு அஞ்சி நாடே கதவடைத்திருந்த காலத்தில், இவ்வறிவிக்கையை மாற்றும் வரைவொன்று வெளிவந்தது. ஆங்கிலமும் இந்தியும் அறியாதார் அதனைப் படிக்க இயலாதிருந்தது. தில்லி உயர்நீதிமன்றம் சூன் 30-ஆம் நாள் தலையிட்டு, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கப் பணித்தது. கருத்துரைக்கும் காலத்தை ஆகஸ்டு 11 வரை நீட்டித்தது. வீட்டை விட்டு வெளியேற இயலாத மக்கள், வீட்டிலிருந்தே பல இலட்சம் மடல்களை மின்னஞ்சலில் விடுத்தனர். மனையிலிருந்து ஆற்றும் அரசியல் என்பதற்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு யான் அறியேன்.

நான்காவது, குறித்து வைத்தல். தாய்மார்களே! இஃது உங்கட்கே உரிய பணி. நெய்தல் நிலத்தில் வாழும் நீங்கள் காற்றை அறிவீர்கள். வாடை எது, கொண்டல் எது, கோடை எது, தென்றல் எது என்று மெய்யால் உணர்வீர்கள். துர்நாற்றம் வீசிய நாள், நேரம், காற்று வந்த திசை, இருமிய குழந்தையின் நிலை, கொடியில் உலர்த்திய துணியிலே கருந்துகள் படிந்த அளவு ஆகியவற்றைப் பள்ளிப் பிள்ளையின் பழைய குறிப்பேட்டிலே எழுதி வையுங்கள். மணலியிலும் இராயபுரத்திலும் காற்றின் தூய்மையை அளக்கும் நிலையங்கள் உள; அவற்றின் அளவுகளைக் கைப்பேசியிலேயே காணலாம். அதனையும் பக்கத்தில் எழுதுங்கள். "நாள்தோறும் நாறுகின்றது" என்பது புலம்பல். "இத்திங்கள் இத்தனை நாள், இந்நேரத்தில், இத்திசையிலிருந்து" என்பது சான்று. மாநகராட்சியின் 1913, முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 ஆகிய எண்களிற் குறை கூறினால், அவர் தரும் பதிவெண்ணையும் மறவாது குறித்துக்கொள்ளுங்கள். பதிவெண் இல்லாத முறையீடு கரையில் எழுதிய எழுத்தேயாகும்.

ஐந்தாவது, நம் வட்டத்தை அறிதல். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. நம் வட்டத்தின் எண் யாது, உறுப்பினர் யார் என்று கேட்டால் நம்மிற் பாதிப்பேர் விழிக்கின்றோம். பகுதிச் சபை என்னும் அமைப்பு 2022-ஆம் ஆண்டு விதிகளால் நகரங்கட்கும் வந்துள்ளது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் அச்சபைகள் கூடின. அதற்கு வீட்டிலிருந்து ஒருவரேனும் செல்லுதலும், செல்லாதார் தம் குறையை எழுதி அவரிடம் கொடுத்தனுப்புதலும் நலம்.

இனி, விலக்கத்தகுவது ஒன்றும் கூறுவேன். கைப்பேசியில் வந்த செய்தியை மெய்யோ பொய்யோ என்று நோக்காது பத்துப் பேர்க்கு அனுப்பிவிட்டு, நாட்டுக்கு உழைத்ததாக மகிழ்வது அரசியற் கடமையன்று. அது பெரும்பாலும் பகை வளர்க்கும். நம் பிள்ளைகள் அண்டை வீட்டாரை ஐயுறக் கற்பர். நூறு செய்தி பரப்புதலினும் ஒரு மடல் எழுதுதல் மேல்.

நம் சங்கத்தார்க்கும் ஒரு சொல். ஆண்டுதோறும் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றுகின்றோம், அவை அச்சேறுகின்றன, பின் உறங்குகின்றன. தேர்தல் வரும்பொழுது "நம்மவர் வாக்கு இத்தனை" என்று விலைபேசுவார் சிலர் முன்வருவர். வாக்கு ஒவ்வொருவர்க்கும் உரிய தனிச்சொத்து. சங்கம் அதற்கு உரிமையுடையதன்று. சங்கம் செய்யத்தக்கது வேறு. திங்கட்கிழமைதோறும் மாலையிலே இக்கட்டடத்தில் ஒரு மேசையிட்டு, எழுதத் தெரிந்த இளைஞர் இருவர் அமர்ந்து, எவர் வரினும், நம் குலத்தார் பிற குலத்தார் என்று பாராது, மனு எழுதிக் கொடுக்கட்டும். சாம்பலும் எண்ணெயும் குலம் பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை. அவற்றை எதிர்க்கும் எழுத்துக்கும் குலம் வேண்டா.

மடலினாலேயே யாவும் முடியும் என்று யான் கூறவில்லை. அம்மோனியா கசிந்தபின் பல நாள் பந்தலில் அமர்ந்திருந்த ஊரார் பொறுமையை மடல் ஈடுசெய்யாது. ஆயினும் அவர்கட்குத் துணையாக ஆயிரம் மடல்கள் சென்றிருக்குமாயின் அவர்கள் தனித்து நின்றிருக்கமாட்டார்கள். வெளியில் நிற்க வலியுள்ளார் நிற்க, இயலாதார் எழுதுக, இரண்டும் ஒரே அறத்தின் இரு கைகள்.

இற்றை இரவு உறங்குமுன், வீட்டிலுள்ளார் பெயர் வாக்காளர் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். இவ்வாரத்துள் ஒரு வினாவை எழுதி அஞ்சலில் இடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும்பொழுது அதன் படியைக் கையிற் கொணர்ந்தால், யான் இன்று பேசியதன் பயனைப் பெற்றவனாவேன்.