சுடுமுன் கேட்க வேண்டிய சொல்

(நம் சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் வளர்க்கும் இம்மேடையில் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் காலனிப் பிள்ளைகள் சிலர் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சிக்குச் செல்லத் தொடங்கியிருக்கின்றனர். வரும் பொங்கல் விளையாட்டு விழாவில் பலூன் சுடும் போட்டி ஒன்று நடத்த வேண்டுமென்று இளைஞர் குழுவினரும் விரும்புகின்றனர். ஆதலால் இதுபற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். யான் துப்பாக்கி வீரன் அல்லன். ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஓர் எழுத்தன். படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே உங்கள் முன் வைக்கிறேன்.

இவ்விளையாட்டின் மீது நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் பிறந்ததில் வியப்பில்லை. 2008ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனியாகப் பெற்ற முதல் தங்கம் அதுவே. 2024இல் பாரிஸ் நகரில் 50 மீட்டர் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றியவர் என்று கேட்டபோது ரயில்வே ஊழியர் அனைவரும் மகிழ்ந்தோம். கடலூரில் பிறந்து, இந்த அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றதை நம் காலனியில் அறியாதார் உண்டோ? ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பெண்ணொருத்தி உலகின் முன் நிமிர்ந்து நின்றாள் என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு.

ஆனால் பதக்கத்தைப் பார்க்கும் நாம், அப்போட்டி நடக்கும் ஒழுங்கையும் பார்த்தல் வேண்டும். உலகப் போட்டிகளில் எவரும் தாம் நினைத்த நேரத்தில் சுட முடியாது. தள அதிகாரி ‘லோட்’ என்று ஆணையிட்ட பின்னரே குண்டை இடலாம். ‘ஸ்டார்ட்’ என்ற பின்னரே சுடலாம். ‘ஸ்டாப்’ என்றால் அந்தக் கணமே நிறுத்துதல் வேண்டும். ‘அன்லோட்’ என்றால் குண்டை நீக்குதல் வேண்டும். ஆணைக்கு முன்னே ஒரு குண்டு வெடித்தாலும் வீரர் போட்டியிலிருந்தே விலக்கப்படலாம். சுடாத நேரங்களில் துப்பாக்கியின் குழலுக்குள் பளிச்சென்ற நிறமுடைய நீண்ட இழை ஒன்றைச் செருகி வைக்கின்றனர். அதற்குப் பாதுகாப்புக் கொடி என்று பெயர். அவ்விழை வெளியே தெரிந்தால், உள்ளே குண்டு இல்லை என்பதை எதிரே நிற்பவரும் கண்ணால் கண்டுகொள்ளலாம். இலக்கின் பக்கம் எவரேனும் சென்றிருக்கும் வேளையில் துப்பாக்கியைத் தொடுவதும் தடுக்கப்பட்டுள்ளது. வெற்றுத் துப்பாக்கிதானே என்று எடுத்துக் குறிபார்ப்பதற்கும் அப்போது இடமில்லை.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். சுடுபவரின் கண் இலக்கின் நடுப்புள்ளியில் நிலைத்திருக்கிறது. அது நிலைத்திருந்தால்தான் அவர் வெல்வார். ஆகவே பக்கத்தில் யார் நடக்கிறார், பின்னே யார் வருகிறார் என்று பார்க்க அவரால் இயலாது. அவருக்காகப் பார்ப்பதற்கு இன்னொருவர் வேண்டும். பார்த்ததை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

ரயில்வேக் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. ‘லைன் கிளியர்’ என்னும் சொல்லை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அம்முறை நிலவும் பாதைகளில், ஒரு நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டுமாயின் அடுத்த நிலையத்தாரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். தண்டவாளம் காலியாகத்தான் இருக்கும் என்று இங்கிருப்பவர் தாமே எண்ணிக்கொள்ள விதி இடம் தருவதில்லை. அங்கிருப்பவரும் சும்மா தலையசைக்க முடியாது. முதல் நிறுத்தக் கைகாட்டி வரை மட்டுமன்றி, அதற்கு அப்பாலும், கைகாட்டியின் முறைக்கேற்ப 180 மீட்டரோ 400 மீட்டரோ, பாதை காலியாக இருப்பதை உறுதி செய்த பின்னரே அவர் இசைவு தருவார். மறுமொழி வராவிட்டால் வண்டி நிற்கும். பயணிகள் முணுமுணுப்பர், நேரம் தவறும். ஆயினும் மௌனத்தைச் சம்மதமாக ரயில்வே ஒருபோதும் கொள்வதில்லை.

துப்பாக்கிக்கும் இதே நீதிதான். இலக்கு வரை பார்த்தால் போதாது. இலக்குக்கு அப்பாலும் பார்த்தல் வேண்டும். 50 மீட்டர் போட்டியில் பயன்படும் 5.6 மில்லிமீட்டர் குண்டு, தடுப்பு ஏதும் இல்லையெனில், ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்ல வல்லது. இலக்கு 50 மீட்டரில் இருக்கிறது என்பது சுடுபவரின் கணக்கு; குண்டுக்கு அக்கணக்குத் தெரியாது.

இதை நாம் மிகக் கொடிய விலை கொடுத்து அறிந்திருக்கிறோம். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே உள்ள சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தனர். அவ்வேளையில் குண்டொன்று தளத்தைக் கடந்து வந்து, தாத்தாவின் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாள் உயிருக்குப் போராடிய அச்சிறுவன் 2022 ஜனவரி 3ஆம் நாள் மறைந்தான். அவன் விளையாட்டுக்காகச் சுடுதளத்துக்குள் புகுந்தவன் அல்லன். வேலி தாண்டியவனும் அல்லன். உறவினர் வீட்டில் இருந்தான், அவ்வளவே. விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு இங்கே கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் காத்திருக்கும் நமக்கு, அந்த வீட்டின் துயரத்தை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பலூன் போட்டிக்கு வருகிறேன். காற்றுத் துப்பாக்கிதானே, சிறு பிள்ளைகளின் விளையாட்டுத்தானே என்று எவரும் எண்ணற்க. அதன் 4.5 மில்லிமீட்டர் குண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது. கல்சுவரில் பட்டால் திரும்பியும் தெறிக்கும். ஆகவே பலூன்களுக்குப் பின்னே மணல் மூட்டைகளை அடுக்குதல் வேண்டும். இருபுறமும் கயிறு கட்டி வழியை அடைத்தல் வேண்டும். ஆணையிடுபவர் ஒருவரே இருத்தல் வேண்டும். நால்வர் ஆணையிட்டால் ஒருவரும் ஆணையிடாததற்குச் சமம். பலூன் வரிசையின் அருகே, மறைவான ஓரத்தில் மற்றொருவர் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆணையாளர் ‘வழி காலியா?’ என்று உரக்கக் கேட்க, மற்றவர் சுற்றிலும் பார்த்து ‘காலி’ என்று விடை கூறிய பின்னரே சுடலாம். விடை வரவில்லையென்றால் துப்பாக்கி மேசை மீதே இருக்கட்டும். வெடித்த பலூனுக்குப் பதிலாகப் புதியது கட்டச் செல்லும்போது எல்லாத் துப்பாக்கிகளும் குண்டின்றி மேசைமீது கிடத்தல் வேண்டும். அவற்றினருகே எவரும் நிற்றலாகாது.

இறுதியாக ஒன்று கூறுவேன். இதனையே நீங்கள் முக்கியமாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பெரியவர்கள் ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கும்போது குறுக்கே பேசலாகாது என்று நம் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். நல்ல வழக்கந்தான். ஆனால் பந்தை எடுக்கத் தம்பி கயிற்றுக்குள் ஓடுவதை முதலில் காண்பவள் ஆறு வயது அக்காளாக இருக்கலாம். துப்பாக்கி பிடித்திருப்பவர் மதிப்பிற்குரிய மாமா ஆயிற்றே என்று அவள் வாய்மூடி நின்றால், அந்த மரியாதையால் யாருக்கு என்ன பயன்? எனவே சுடும் இடத்தில் ‘நில்லுங்கள்’ என்று சொல்லும் உரிமை அனைவர்க்கும் உண்டு என்று இன்றே குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போம். அக்குரல் கேட்டவுடன், சொன்னவர் யாரென்று பாராமல் எல்லோரும் நிறுத்துவோம். அச்சம் வீணென்று தெரிந்தாலும் அக்குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை கடிந்தால், மறுமுறை உண்மையான ஆபத்தின்போது அது பேசாது.

இவ்வேற்பாடுகளைச் செய்ய இயலுமாயின் பலூன் போட்டியை மகிழ்ச்சியோடு நடத்துவோம். இயலாதெனில் இவ்வாண்டு கயிறிழுத்தலோடும் உறியடித்தலோடும் நிறைவு கொள்வோம். அதனால் சங்கத்தின் பெருமை குறைந்துவிடாது. விழாவுக்கு வந்த குழந்தைகள் எல்லாரும் வந்தபடியே வீடு திரும்புதல் வேண்டும். அதனினும் பெரிய பரிசு எதையும் நம் சங்கம் வழங்கிவிட முடியாது.