மூன்று புத்தகங்கள் படிச்சோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ அஞ்சு நிமிஷம் புத்தகங்களைப் பற்றிப் பேசப் போறோம். எங்கள் குழுவில் வாரக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம். நூலகத்தில் எடுத்த மூன்று புத்தகங்களை இப்படி முடித்திருக்கிறோம்.

முதலாவது, ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’. 1979-இல் வந்த நாவல். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. அந்த அம்மா உப்பளங்களுக்கே போய், அங்குள்ள மக்களோடு பேசிப் பழகி எழுதினார். உப்புநீரில் நின்று நின்று காலெல்லாம் புண், வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் எரிச்சல், மேலே இருக்கிறவன் தப்பாக நடந்தாலும் கூலிக்காக வாயை மூட வேண்டிய நிலைமை. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குப் பேச்சே வரலை. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த நாட்களுக்கு நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. நாவல் வந்து 43 வருஷம் கழித்து!

இரண்டாவது, பாமா தன் வாழ்க்கையை எழுதிய ‘கருக்கு’, 1992-இல் வந்தது. பனைமட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி அறுக்குமே, அதுதான் கருக்கு. ஊரில் பட்ட சாதிக் கொடுமை கன்னியர் மடத்துக்குள்ளும் கூடவே வந்ததை ஒளிக்காமல் சொல்கிறார். ஊர்ப் பேச்சிலேயே எழுதியிருப்பதால், அஞ்சாம் வகுப்போடு நின்ற எங்கள் உறுப்பினர்தான் இதைத் தடங்கலில்லாமல் படித்துக் காட்டினார்.

மூன்றாவது, பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ பத்துக் கட்டுரைகள். எல்லாக் கருத்தையும் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்தைப் பற்றிச் சொன்னதுக்குப் பெரிய சண்டையே நடந்தது. ஆனால் ‘சொத்துரிமை’ கட்டுரைக்கு மறுபேச்சு இல்லை. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது. அதிலும், அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குப் பங்கு இல்லை. 2005-இல் மத்திய அரசின் சட்டத் திருத்தம் வந்துதான் அந்தத் தடை நீங்கியது.

சட்டம் வந்தாச்சு. ஆனால் “பொறந்த வீட்டு உறவு விட்டுப் போயிடுமே” என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்ம குழுக்களில் எத்தனை பேர்? விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கணும். “இனிமே படிச்சுக் காட்டாம எந்தப் பத்திரத்திலயும் கையெழுத்து கிடையாது” என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

சகோதரிகளே, கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டோம். அதோடு நிறுத்திவிட வேண்டாம். ஒவ்வொரு குழுவும் ஒரு புத்தகம் எடுத்துப் படியுங்கள். அடுத்த கூட்டத்தில் நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்.