பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளும் பொறுமை இழந்த நாமும்

 

 

2020 மார்ச் மாதத்தில் கொரோனா பெருந்தொற்றினால் பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டன. பள்ளிவாசல்களில் ஜும்ஆவும் நின்றது. வீடுகளில் லுஹர் தொழுதோம். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர்கள் என்ற நபிவழியை அறிந்த நமக்கு அது புதிதன்று. ஆனால், அந்த ஆண்டு தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை வகுப்பறையில் அமர்ந்தது 2021 நவம்பரில்தான். அப்போது அதன் பெயர் இரண்டாம் வகுப்புப் பதிவேட்டில் இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாமலே ஒரு வகுப்பு கடந்துபோயிற்று. அன்று விழுந்த பள்ளம் பலருக்கு இன்னும் தூர்ந்தபாடில்லை.

அந்நாட்களில் நம் வீடுகளில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. தந்தை வேலைக்குப் புறப்பட்டால் அதுவும் உடன் போய்விடும். பாடம் புரியாத தாய், பாடம் புரியாத பிள்ளையை அடித்தார். பிறகு இருவரும் அழுதார்கள். ஆசிரியர்களில் தனியார் பள்ளிகளில் பாதிச் சம்பளம் பெற்றவர்களும், அதுவும் பெறாதவர்களும் உண்டு. காய்கறி விற்று மானத்தைக் காத்துக்கொண்டவர்களும் உண்டு. நாமோ, 'வீட்டிலிருந்தபடியே சம்பளம் வாங்குகிறார்கள்' என்று பேசித் திரிந்தோம்.

நானும் குற்றமற்றவன் அல்லன். நம் மக்தப் மதரஸா மீண்டும் திறந்த முதல் வாரம். முன்பு சிறு சூராக்களைத் தடையின்றி ஓதிய சிறுவன் ஒருவன் இரண்டு வரி ஓதத் தடுமாறினான். எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மறுநாள் அவன் வரவில்லை. வீட்டிற்குச் சென்றபோதுதான், அத்தனை மாதமும் காலை முதல் இரவு வரை மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துவந்தான் என்பது தெரிந்தது. அவனுடைய உம்மா என்னைக் குறை சொல்லவில்லை. "ஹஜ்ரத், அவன் ஓதலை மட்டும் மறக்கவில்லை; ஓரிடத்தில் உட்காரவே மறந்துவிட்டான்" என்றார்.

முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களின் செய்தி அப்போதுதான் என் நெஞ்சில் தைத்தது. அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இஷா தொழவைத்தபோது பகரா சூராவைத் தொடங்கிவிட்டார்கள். பகலெல்லாம் ஒட்டகங்களைக் கொண்டு நீர் இறைத்துக் களைத்து வந்த ஒருவர், ஜமாஅத்தை விட்டு விலகித் தனியே தொழுது சென்றார். முஆத் (ரலி) அவரைப் பழித்தார்கள். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. நபியவர்கள் கண்டித்தது களைத்த உழைப்பாளியை அன்று. தொழவைத்த முஆத் (ரலி) அவர்களையே! முதியவர், பலவீனர், அலுவல் உடையவர் எல்லாரும் பின்னால் நிற்கிறார்கள் என்று கூறிச் சிறு சூராக்களை ஓதும்படிப் பணித்தார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் பாடமாகவே ஓதியவன் நான். ஓதியது வேறு, உறைத்தது வேறு.

கண்டிக்கப்பட்ட அதே முஆத் (ரலி) அவர்களைத்தான் நபியவர்கள் யமன் தேசத்து மக்களுக்கு ஆசானாக அனுப்பினார்கள். இலகுவாக்குங்கள், சிரமப்படுத்தாதீர்கள் என்று சொல்லியே அனுப்பினார்கள். ஹிஜ்ரி 18இல் ஷாம் நாட்டில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயில் அந்த ஆசான் மறைந்தார்கள்.

அச்சிறுவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். உஸ்தாத் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று சிலர் முகம் சுளித்தனர், சுளிக்கட்டும். அவன் திரும்பி வந்தான். நாளொன்றுக்கு மூன்றே வரிகள் கொடுத்தேன். இழந்ததைப் பிடிக்க ஓராண்டுக்கு மேலாயிற்று.

பெற்றோர்களே! பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை உங்கள் பிள்ளையின் தட்டில் சோற்றோடு வைக்காதீர்கள். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலையில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் அமர்ந்துதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் மஹல்லாவில் பட்டம் பெற்ற இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளியின் கீழ்த்தளம் காலியாகவே கிடக்கிறது. பின்தங்கிய பிள்ளைகளுடன் அமர விரும்புவோர் இன்று தொழுகை முடிந்ததும் முஅத்தின் அவர்களிடம் பெயர் கொடுங்கள். பிள்ளையை அனுப்ப விரும்பும் பெற்றோர், அவன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்பதைவிட, எந்த வகுப்புப் புத்தகம் வரை வாசிக்க வருகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.