உயிரோடு இருக்கும்போதே ஒரு நன்றி



சிம்பாங் பூலாய் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கேமரன் மலைக்குப் பிரியும் சாலையும், வெட்டுப்பட்டு வெள்ளையாய்த் தெரியும் சுண்ணாம்பு மலைகளும்தான். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு ஊர் என்பது மனிதர்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அழைப்புக்குக் காத்திராமல் வந்து அடுப்பை மூட்டித் தேத்தண்ணி கலக்கும் ஓர் அக்கா. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் காரை எடுத்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டும் ஓர் அண்ணன். இப்படிப்பட்டவர்கள் இல்லாத தோட்டமும் இல்லை, தாமானும் இல்லை.

இவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியவர் யார்? பொதுக்கூட்டங்களில் மாலைக்குக் குறைவில்லை. ஆனால், அந்த மாலைகள் இந்தக் கழுத்துகளைத் தேடி வருவதில்லை என்பதே உண்மை.

தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர். குழந்தை விடிய விடிய அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அடுப்பு எரியவில்லை என்றால் அதுவும் தெரியும். அதனால் பிறர் துன்பமும் மறைவாக இருக்கவில்லை, உதவி செய்தவரின் கையும் மறைவாக இருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபின், மக்கள் கல்வீடுகளுக்கும் இரும்புக் கதவுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். வசதி வந்தது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அன்பு செய்கிறவரைக் கண்டுகொள்ளும் கண் மங்கிப் போனது என்பதை மறுப்பதற்கில்லை.

தமிழில் ‘கைராசி’ என்று ஓர் அருமையான சொல் உண்டு. “அந்த நர்ஸ் ஊசி போட்டால் வலிக்காது, கைராசிக்காரம்மா” என்பார்கள். நோயைத் தணிக்கும் கை, துக்கத்தை ஆற்றும் வாய், பொறுமையோடு கேட்கும் காது ஆகியவை இறைவன் சிலருக்கு அளித்த கொடை என்று எல்லாச் சமயத்தாரும் நம்புகிறார்கள். நல்ல நம்பிக்கைதான். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கொடை என்று சொல்லிவிட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பும் இழப்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை. “அவருக்கென்ன, ஆண்டவன் கொடுத்த மனசு” என்று சொல்லி மீண்டும் மீண்டும் அவரிடமே கேட்கிறார்கள்.

இதே கிந்தா பள்ளத்தாக்கில் அப்படியொரு கைராசிக்காரர் வாழ்ந்தார். சிபில் கார்த்திகேசு அவர் பெயர். 1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யுரேசியப் பெண்மணி. தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவை 1919இல் மணந்தார். கணவனும் மனைவியும் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கிளினிக் நடத்தினார்கள். கந்தோனீஸ் மொழியில் சரளமாகப் பேசியதால் சீன மக்களும் அவரைத் தங்களில் ஒருவராகவே நினைத்தார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நெருங்கியபோது குடும்பம் பக்கத்திலுள்ள பாப்பான் எனும் சிற்றூருக்கு இடம் பெயர்ந்தது. மருந்துக்கும் உணவுக்கும் பஞ்சம் நிலவிய காலம். பாப்பானில் 74ஆம் எண் வீட்டில் சிபில் ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். இருட்டிய பிறகு, ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடியவர்கள் காயத்தோடும் காய்ச்சலோடும் வந்தார்கள். அவர்களுக்கும் சிகிச்சை அளித்தார். இரகசியமாக வானொலி வைத்திருந்து வெளியுலகச் செய்திகளையும் அறிந்து சொன்னார். நோயாளிக்கு மருந்து, ஊருக்கு நம்பிக்கை. இரண்டுமே உயிரைப் பணயம் வைத்துச் செய்த காரியங்கள்.

1943இல் அவர் கைது செய்யப்பட்டார். கணவரும் சிறைப்பட்டார். கெம்பெய்தாய் எனும் ஜப்பானிய இராணுவப் போலீசின் சித்திரவதையில் சிபிலின் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க முடியாமல் போனது. இளைய மகளை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி மிரட்டினார்கள். அப்போதும் அவர் போராளிகளைக் காட்டிக் கொடுக்கவில்லை. 1945இல் போர் முடிந்த பிறகே பத்துகாஜா சிறையிலிருந்து விடுதலை கிடைத்தது. சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவருக்கு வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948 ஜூன் 12ஆம் நாள் அங்கேயே காலமானார். 1949இல் அவரது உடல் ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டு கத்தோலிக்க இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய நினைவு நூல் 1954இல்தான் வெளிவந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்க்க அவர் இல்லை. ஈப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அந்தச் சாலையில் அவர் நடந்து போகவும் முடியவில்லை.

இங்கேதான் சிந்திக்க வேண்டியிருக்கிறது. சாலைக்குப் பெயர் வைப்பது அரசாங்கத்தால் ஆகும். உயிரோடு இருக்கிறவரின் தோளில் கைவைத்து “களைச்சுப் போயிட்டீங்களாக்கா, கொஞ்சம் உட்காருங்க” என்று சொல்வது பக்கத்து வீட்டுக்காரரால் மட்டுமே ஆகும்.

போர்க்காலத்தில்தான் அன்பு சோதிக்கப்படும் என்பதில்லை. சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்குப் பொதுவாக வாரத்தில் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படுகிறது. வாகனம் இல்லாத அண்டை வீட்டு அம்மாவை ஒருவர் கொண்டுபோய் விட்டு, அழைத்தும் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 156 நாட்கள். பெட்ரோல் அவருடையது. அரைநாள் சம்பளம் போவதும் அவருக்குத்தான். அந்த அம்மாவின் பிள்ளைகள் தீபாவளிக்கு வந்து ஒரு டின் முறுக்கு கொடுத்துவிட்டுப் போனால் கணக்கு நேராகிவிடுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்புள்ளவர்கள் எல்லாரும் தேனொழுகப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. சிடுசிடு என்று விழுந்துகொண்டே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடும் பாட்டிகள் உண்டு. வாயைப் பார்த்துக் கையைப் பார்க்காமல் விட்டவர்கள் ஏராளம். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக்குப் போகிறவர்கள் காவடியைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள். பந்தலுக்குப் பின்னால் குந்தியிருந்து அன்னதானச் சட்டி கழுவுகிறவரும் ஒரு வேண்டுதலோடுதான் வந்திருப்பார். அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவும் ஒரு பக்தி வேண்டும்.

ஆகவே நேயர்களே, செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. “ரொம்ப நன்றி” என்று பொதுவாகச் சொல்லாமல், எதற்காக என்பதைச் சொல்லுங்கள். “அன்றைக்கு அப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது நீங்கள் வந்ததால்தான் பிழைத்தார்” என்று சொல்லுங்கள். அதை அவருடைய பிள்ளைகள் காதுபடச் சொல்லுங்கள். “அப்பா எப்பவும் ஊருக்குத்தான் உழைக்கிறார்” என்று மனம் வாடும் பிள்ளைகள் அவர்கள். அடுத்து, அவருடைய சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் 3 பயணம் என்றால் ஒரு பயணம் உங்களுடையதாக இருக்கட்டும். மூன்றாவதாக, அவர் “இன்றைக்கு முடியாது” என்று சொன்னால் கோபப்படாதீர்கள். கொடுக்கிற கைக்கும் வலி உண்டு.

சிம்பாங் பூலாயிலோ வேறு எந்த ஊரிலோ, இன்றிரவு தொலைக்காட்சியை அணைத்த பிறகு ஒரே ஒரு பெயரை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கஷ்டத்தில் முதலில் வந்து நின்றவர் யார்? அவர் இன்னும் உயிரோடு இருந்தால், நீங்கள் கொடுத்து வைத்தவர். நாளை காலை பசியாறுவதற்கு முன்பே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.