சமுதாயக் கல்லூரியும் நம் பிள்ளைகளும்



பட்டப்படிப்புக்கு வழியின்றி நின்ற பிள்ளையை நாம் குறைத்து மதிப்பது முறையன்று. 1901இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் முளைத்த சமுதாயக் கல்லூரி முறை, 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்திலும், 1996இல் சென்னையிலும் வேரூன்றியது. விட்ட படிப்பைத் தொடரவும், பணியிடத்திலேயே பயிற்சி பெறவும் அது வகை செய்கிறது.

ஸ்ரீவராகத்துக்கு அண்மையிலுள்ள சாலைக் கடைத்தெருவில், தமிழ் வணிகர் பேரேட்டைப் பெட்டியில் பூட்டிக் காத்தனர். இன்றோ கணக்கு கணினியில் உள்ளது. கள்வன் கடவுச்சொல்லைத் தேடி வருகிறான். ஆதலின் வணிகமும் நிதியும் கற்போர், அவற்றைக் காக்கும் பாதுகாப்புக் கல்வியையும் உடன் கற்றல் வேண்டும்.

படிப்பு நின்ற மகனையும் மகளையும் வீட்டில் முடக்காது, இத்தகைய கல்விக்கு மனமுவந்து அனுப்புவோமாக.